ரோட்டில் கிடப்பது கிடங்கா, பள்ளமா?

அரியாலையான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "ரோட்டில் கிடங்கு என்று ஈழத்தவர் எழுதுவது பிழை. கிடங்கு என்றால் சரக்கு வைக்கும் குடோன்." வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. மதுரைக்காஞ்சியில் 'மண்ணுற ஆழ்ந்த மணிநீர்க் கிடங்கின்' என்று வருவது மதுரையின் அகழி. அந்தத் தண்ணீருக்குள்ளா நெல் மூட்டை அடுக்கினார்கள்? நாங்கள் போளை அடிக்கவும் கிடங்குதான் கிண்டினோம். குதிக்காலை மண்ணில் ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், போளை விழுந்து நிற்கும்.

வைகைக்கரையான்:
எழுதியது நான்தான். அகழி வெட்டியது. கோலிக்குழி தோண்டியது. ரோட்டுப் பள்ளத்தை யார் தோண்டினார்கள்? தோண்டாதது கிடங்கு ஆகாது.

அரியாலையான்:
நேற்று குடோன், இன்று தோண்டலா? மாரி மழைக்கு எங்கள் ஒழுங்கையில் விழுந்த கிடங்கில் அப்பாவின் சைக்கிள் முன்சில்லு இறங்கி றிம் வளைந்தது. "கிடங்குக்குள்ள விட்டிட்டன்" என்றுதான் அம்மாவிடம் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாதா?

நெல்லைத்தம்பி:
'றிம்' என்ன எழுத்து? றகரம் சொல்லுக்கு முதலில் வராது.

அரியாலையான்:
ரகரமும்தான் வராது. 'ரோடு' என்று எழுதும்போது அந்த இலக்கணம் எங்கே போனது?

மட்டுநகராள்:
சண்டையை விடுங்கோ. போளை தமிழா? போர்த்துக்கீசத்தில் 'போலா' என்றால் பந்து.

நெல்லைத்தம்பி:
அப்படிச் சொல்லுங்க அக்கா! நாங்கள் கோலி என்கிறோம்.

அரியாலையான்:
இந்திக்காரரும் கோலி என்றுதான் உருட்டுகிறார். அப்புறம் அந்தக் குடோன். அது மலாய் 'குடாங்' வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அந்த இடத்தில் நம் 'கிடங்கு' என்ற சொல்லையும் காட்டுகிறது. நாம் கொடுத்த சொல்லை வைத்து நம்மையே திருத்துகிறீர்களா?

வைகைக்கரையான்:
அகராதி இருக்கட்டும். ரோட்டில் தோண்டியது யார்? அதற்கு இன்னும் பதில் இல்லை.

அரியாலையான்:
தண்ணீர் தோண்டியது! லொறிச் சில்லு தோண்டியது! தாருக்குக் கீழே மழைத்தண்ணீர் இறங்கி மண்ணை அரிக்க, மேலே பாரம் ஏற ஏற உடைந்து விழுகிறது. மண்வெட்டி பிடித்தால்தான் தோண்டலா?

வைகைக்கரையான்:
அது அரிப்பு. தோண்டல் இல்லை. ஆகவே பள்ளம்.

அரியாலையான்:
போன மாதம் 'கதைக்கிறோம்' என்று எழுதியதற்கு "என்ன கதை சொல்கிறீர்கள்?" என்று சிரித்தவரும் நீங்கள்தானே. அதை நான் மறக்கவில்லை.

வைகைக்கரையான்:
கதைக்கும் கிடங்குக்கும் என்ன சம்பந்தம்? தோண்டாதது கிடங்கு ஆகாது.

அரியாலையான்:
ஆகும். நாளைக்கு அகநானூற்றோடு வருகிறேன்.