தேக்கு விலை ஏறிவிட்டது என்று கான்ட்ராக்டர் ஒரு லட்சம் கூடுதலாகக் கேட்கிறார், காத்திருக்கலாமா?

ராஜபாளையத்தான்:
வணக்கம். 1,200 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பேஸ்மென்ட் முடிந்துவிட்டது, அடுத்த முகூர்த்தத்தில் வாசல் நிலை வைக்க வேண்டும். ஒப்பந்தத்தில் "நிலை, கதவு, ஜன்னல் தேக்கு" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. இப்போது தேக்கு கன அடிக்கு 500 ரூபாய் கூடிவிட்டது, அதனால் மொத்தத்தில் ஒரு லட்சம் சேர்த்துக் கொடுங்கள் என்கிறார் கான்ட்ராக்டர். அமெரிக்காவில் மர விலை சரிந்துவிட்டது என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். கொஞ்சம் பொறுத்தால் இங்கேயும் இறங்குமா? அப்பா வாசலுக்கு நாட்டுத் தேக்குதான் வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறார்.

டல்லாஸ் தமிழ்:
நண்பரே, அந்த விலைக்கும் தேக்குக்கும் சம்பந்தமே இல்லை. இங்கே வீட்டின் சுவரே மரச் சட்டம்தான், அதுவும் பைன், ஸ்ப்ரூஸ் மாதிரி மென்மரம். கொரோனா வந்ததும் மில்கள் உற்பத்தியைக் குறைத்தன, வட்டி இறங்கியதால் எல்லோரும் வீடு கட்டக் கிளம்பினார்கள், 2021 மே மாதம் ஆயிரம் போர்டு அடி (இங்கே மரத்தை அளக்கும் அளவு) 1,600 டாலரைத் தாண்டிவிட்டு சில மாதங்களிலேயே 500 பக்கம் இறங்கியது. மரத்தால் மட்டும் ஒரு புது வீட்டுக்குச் சுமார் 36,000 டாலர் கூடியதாக வீடு கட்டுவோர் சங்கம் அப்போது கணக்குச் சொன்னது. இங்கே காத்திருந்தவர்களுக்கு லாபம்தான். உங்கள் ஊரில் சுவர் செங்கல், கூரை கான்கிரீட். மரத்தின் பங்கு சின்னது.

செங்கோட்டை மில்:
தம்பி, முதலில் அந்த ஒரு லட்சத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாசல் நிலை 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம், 5க்கு 4 இஞ்ச் சட்டம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கால் 14 அடி, மேல் சட்டமும் கீழ்ப்படியும் 7 அடி, ஆக 21 அடி. 21 × 5 × 4 ÷ 144, கிட்டத்தட்ட 2.9 கன அடி. கன அடிக்கு 500 கூடினால் இந்த நிலைக்கு 1,500கூட முழுசாக வராது. ஒரு லட்சம் கூட வேண்டுமென்றால் 200 கன அடி தேக்கு போக வேண்டும். உங்கள் வீட்டில் அத்தனை கதவு ஜன்னலையும் தேக்கில் செய்தாலும் அதில் பாதி ஆகாது. அவரிடம் சண்டை வேண்டாம், எந்தச் சட்டம், எத்தனை கன அடி, என்ன ரேட், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று எழுதி வாங்குங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

காத்திருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பர்மா 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு தூத்துக்குடியில் இறங்குவதில் பெரும்பங்கு ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவின் தோட்டத் தேக்கு. டாலர் ஏறினாலும் விலை ஏறும், கப்பல் வாடகை ஏறினாலும் ஏறும், நாட்டுத் தேக்கும் பின்னாலேயே போகும். நூறு இருநூறு இறங்கும் என்று நிலை வைக்காமல் நிறுத்தினால் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார், அந்த நஷ்டம் பெரிது.

விலையைவிட வெள்ளையைக் கவனியுங்கள். தோட்ட மரத்தைச் சின்ன வயதிலேயே வெட்டுவதால் வைரம், அதாவது நடுவில் இருக்கும் கெட்டியான மரம், குறைவு; அதைச் சுற்றியிருக்கும் வெள்ளைதான் அதிகம். சட்டத்தின் இரண்டு முனையையும், நான்கு ஓரத்தையும் பாலிஷ் போடுவதற்கு முன்னால் பாருங்கள். ஓரத்தில் வெளிர் பட்டை ஓடினால் அது வெள்ளை, கரையான் முதலில் அதில்தான் ஏறும். அப்படிப்பட்ட தேக்குக்கு நல்ல வேங்கை எவ்வளவோ மேல்.

தச்சர் வீட்டுப் பிள்ளை:
மில் அண்ணன் சொன்னது சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: நிலைதான் இப்போது தேவை, கதவு பூச்சும் தரையும் முடிந்த பிறகுதான் மாட்டுவார்கள். ஆனாலும் கதவு மரத்தை இப்போதே வாங்கி அறுத்து, வெயில் படாத இடத்தில், பலகைக்குப் பலகை நடுவே ரீப்பர் (மெல்லிய மரக் கட்டை) கொடுத்து அடுக்கி வைத்துவிடுங்கள். விலையும் இன்றைய விலையோடு நிற்கும், மரமும் காயும். ஈரம் போகாத மரத்தில் செய்த கதவு முதல் கோடையிலேயே வளைந்துவிடும். உள் அறை நிலைக்கு வேம்பு போதும், பாத்ரூமுக்கு மரமே வேண்டாம், டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) போடுங்கள். வாசலுக்கு அப்பா கேட்கிற நாட்டுத் தேக்கையே போடுங்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ராஜபாளையத்தான்:
ரொம்ப நன்றி. கன அடிக் கணக்கை எழுதிக் காட்டினேன், நாளை பட்டியல் தருகிறேன் என்றார் கான்ட்ராக்டர். அப்புறம், மரத்தை நாங்களே உருட்டாக எடுத்தால் மலிவா?

செங்கோட்டை மில்:
கன அடி ரேட் குறைவாகத் தெரியும். ஆனால் உருட்டில் வெள்ளை, கோணல், உள்பொந்து எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறீர்கள், அறுப்புக் கூலி தனி. மரம் பார்க்கத் தெரிந்த ஆசாரி கூட வந்தால் எடுங்கள். இல்லையென்றால் அறுத்த சட்டமாகவே, ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.