கிராமத்துப் பெரியவங்களுக்குக் கூட்டு உடற்பயிற்சி: வேணுமா, வேண்டாமா?

பெகு_மருமகள்:
எங்க ஊர் அம்மன் கோயில் மண்டபத்துல அறுபது தாண்டினவங்களைக் காலையில சேர்த்து, மூச்சு வாங்குற அளவுக்குக் கைகால் வீசுற பயிற்சி ஆரம்பிக்கப் பார்க்கிறோம். பேரு ஊரு தடுமாறுறவங்க, சர்க்கரை, பிரஷர் உள்ளவங்களுக்கு முதல் இடம். கோயில் கமிட்டியில பாதிப் பேர் வேண்டாங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

தட்டோன்_விவசாயி:
நானும் வேண்டாங்கிற பக்கம்தான் அக்கா. காலமெல்லாம் நாத்து நட்டு மூட்டை தூக்கின உடம்பு அது. மறதி நோய் வராதுன்னு ஆசை காட்டாதீங்க. அமெரிக்காவுல 70லேர்ந்து 89 வயசு வரை 1,635 பேரை வச்சு இரண்டு வருஷம் பார்த்து, 2015ல முடிவு சொன்னாங்க. உடற்பயிற்சி செஞ்சவங்களுக்கும், சும்மா சுகாதார வகுப்புக்குப் போனவங்களுக்கும் மூளைத் திறன்ல வித்தியாசமே இல்லை. அந்தக் காசுல பிரஷர் மெஷின் வாங்கி வையுங்க.

மோல்மீன்_நர்ஸ்:
தம்பி, அதே ஆய்வுலதான் 80 தாண்டினவங்களுக்கும், ஆரம்பத்துலயே உடம்பு தளர்ந்திருந்தவங்களுக்கும் திட்டம் போட்டுக் காரியம் செய்யிற திறன் கொஞ்சம் தேறியிருந்தது. கூட்டத்துக்கு வரப்போறது பெரும்பாலும் அப்படிப்பட்டவங்கதான். நாத்து நட்ட உடம்புன்னு சொல்றீங்க, சரி. வயலை விட்டு வீட்டோட உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆச்சு? 2011ல வந்த ஒரு ஆய்வுல, ஒரு வருஷம் வேகமா நடந்தவங்களுக்கு மூளையில ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ் பகுதி 2 சதவீதம் வளர்ந்தது. உடம்பை நீட்டி வளைச்சு மட்டும் பழகினவங்களுக்குச் சுருங்கிச்சு.

தட்டோன்_விவசாயி:
அது மொத்தமே 120 பேர் அக்கா. 2018ல இங்கிலாந்துல மறதி நோய் ஏற்கெனவே வந்த 494 பேருக்குக் கடுமையான பயிற்சி கொடுத்தாங்க. நோய் குறையல, கொஞ்சம் கூடத்தான் ஆச்சு. கிழவிங்க வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சா யார் பார்ப்பா? பிள்ளைங்க எல்லாம் தாய்லாந்துலயும் மலேசியாவுலயும் இருக்காங்க.

மோல்மீன்_நர்ஸ்:
வந்த பிறகு செஞ்சா பலன் இல்லைன்னுதான் அந்த ஆய்வு சொல்லுது. நாம பேசுறது வர்றதுக்கு முந்தி. விழுற பயத்துக்கு நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுச் செய்யலாம். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அவ்வளவு வேகம் போதும். நெஞ்சு வலி, தலைசுத்தல் வந்தா உடனே உட்கார வைங்க.

பெகு_மருமகள்:
பிள்ளைங்க வெளியூர்ல இருக்கிறதாலதான் கூட்டமாச் செய்யணுங்கிறேன். மறதி நோய்க்கு மாத்தக்கூடிய காரணங்கள்னு லான்செட்ங்கிற மருத்துவ இதழோட குழு 2024ல சொன்ன 14ல உடம்பை அசைக்காம இருக்கிறதும் வருது, ஆளோட ஆள் பேசாம தனிச்சுக் கிடக்கிறதும் வருது. வீட்டுல தனியா நடங்கன்னு சொன்னா எங்க மாமியார் நடக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டு ஆச்சி கூப்பிட்டா கும்மி அடிக்கவே வந்துடுவாங்க. கும்மிக்கு அடவு ஞாபகம் வைக்கணும், கூட நிக்கிறவங்க கையோட கை சேரணும். எனக்கு அதுவே பயிற்சியாப் படுது.

தட்டோன்_விவசாயி:
கும்மின்னா எதிர்க்க மாட்டேன். ஆனா அதே பட்டியல்ல பிரஷரும் சர்க்கரையும் இருக்கே. முதல் நாள் எல்லாருக்கும் பிரஷர் பார்த்துட்டு ஆரம்பிங்க. மறதி வராதுன்னு நோட்டீஸ்ல போட்டா நானே கமிட்டியில எழுந்து கேட்பேன்.

பெகு_மருமகள்:
நோட்டீஸ்ல போட மாட்டோம். மெஷினுக்கு உங்க பங்கு எவ்வளவு அண்ணே?