மழைக்கால மெடிக்கல் வார்டில் காய்ச்சல் கேஸ்: எந்த இடத்தில் கைநழுவுகிறது?

வார்டு டாக்டர்:

ஐப்பசி மழை பிடித்து இரண்டு மூன்று வாரம் ஆனால் வார்டின் முகமே மாறிவிடும். சர்க்கரை, மூச்சிரைப்பு, பக்கவாதம் என்று படுத்திருந்த இடத்தில் வரிசையாகக் காய்ச்சல் கேஸ். டெங்குவில் 103, 104 என்று கொதிக்கும்போது பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. மூன்றாம் நாளுக்குப் பிறகு, பெரும்பாலும் ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் பாருங்கள், அதையொட்டிய 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். ரத்தக்குழாயிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசியும். உள்ளே ரத்தம் கெட்டியாகும். "காய்ச்சல் விட்டாச்சு, ரெண்டு இட்லி சாப்பிட்டான், வீட்டுக்கு அனுப்புங்க" என்று கேட்பது சொல்லிவைத்தாற்போல் அப்போதுதான்.

விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து தூங்கி வழிவது, கைகால் சில்லிடுவது: இதில் ஒன்று இருந்தாலும் அட்மிஷன்தான், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் ஒன்றரை லட்சம் இருந்தாலும் சரி. பி.பி. 100/80 என்றால் "100 இருக்கே" என்று விட்டுவிடுகிறார்கள். மேலுக்கும் கீழுக்கும் 20தான் வித்தியாசம், அது ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை.

ஸ்டாஃப் நர்ஸ்:

டாக்டர் சொன்னதோடு டிரிப் கணக்கையும் சேர்க்க வேண்டும். அபாய அறிகுறியோடு வரும் 60 கிலோ ஆளுக்கு முதல் ஓரிரு மணி நேரம் கிலோவுக்கு 5 மில்லி, அதாவது மணிக்கு 300 மில்லி நார்மல் சலைன். 20 சொட்டுக்கு ஒரு மில்லி செட் என்றால் நிமிடத்துக்கு 100 சொட்டு. பிறகு ரத்தம் எவ்வளவு கெட்டி என்று காட்டும் பி.சி.வி. பார்த்துப் படிப்படியாகக் குறைத்து கிலோவுக்கு 2 மில்லிக்கு வந்தால் 40 சொட்டு. இந்தக் குறைப்புதான் ராத்திரி ஷிஃப்டில் விட்டுப்போகிறது. கசிவு நின்றதும் வெளியே போன நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும்; அப்போதும் பாட்டில் ஓடினால் நுரையீரல் நிரம்பிவிடும். பசி எடுப்பது, சிறுநீர் தாராளமாகப் போவது, காலில் அரிப்போடு சிவந்த தடிப்பு: இவை வந்தால் டிரிப்பை நிறுத்தலாமா என்று டூட்டி டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். கசிவு நேரத்தில் சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறையக் கூடாது. கழிவறையில் ஊற்றாமல் அளவு ஜாடியில் பிடித்து வைக்க அட்டெண்டருக்குச் சொல்லிவிட வேண்டும்.

பப்பாளி இலைச்சாறு கொடுத்து வாந்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு என்ன சொல்ல!

லேப் டெக்னீஷியன்:

பிளேட்லெட் 20,000 என்று மெஷின் காட்டினால் ஸ்லைடு பார்க்காமல் ரிப்போர்ட் தரக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க இ.டி.டி.ஏ. மருந்து போட்ட குழாயில் அணுக்கள் ஒட்டிக் கட்டியானாலும் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். கையில் கட்டிய பட்டையை அவிழ்க்காமல் நரம்பு தேடிக்கொண்டிருந்தால் பி.சி.வி. ஏறிவிடும். டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 டெஸ்ட் முதல் ஐந்து நாளுக்கு உரியது. ஆறாம் நாள் நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று அர்த்தமில்லை. ஒரே ஒரு விடால் டெஸ்டை வைத்து டைபாய்டு முத்திரை குத்துவது இன்னும் மோசம்.

வார்டு டாக்டர்:

அந்த விடாலுக்குப் பின்னால்தான் ஸ்க்ரப் டைபஸ், அதாவது புதர்களில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல், ஒளிந்துகொள்கிறது. டைபாய்டுக்குக் கொடுக்கும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஐந்து நாள் ஓடியும் காய்ச்சல் விடாது, அந்தக் கிருமிக்கு அது வேலை செய்யாது. துணியை விலக்கிப் பாருங்கள்: அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, இடுப்புக் கயிறு படும் இடம். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டாற்போல் கறுத்த பொருக்கு. வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. டாக்சிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை, பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை என்று முற்றி வந்தால் இரண்டையும் சேர்த்து நரம்பு வழி கொடுப்பதே மேல் என்று 2023இல் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு காட்டியது.

கேஷுவாலிட்டி டாக்டர்:

ஒரு சின்ன விஷயம். கேஸ் ஷீட்டில் "4 நாளாகக் காய்ச்சல்" என்று எழுதி ரெஃபர் செய்கிறார்கள். இரண்டு நாள் கழித்து அடுத்த ஆஸ்பத்திரியிலும் அதே 4 பிரதியாகிறது. உண்மையில் அது ஆறாம் நாள்: டெஸ்ட், டிரிப், டிஸ்சார்ஜ் எல்லாமே மாறும். காய்ச்சல் தொடங்கிய தேதியைப் போடுங்கள்.