கேண்டிடேட் என்றால் முடித்தவர்

1992 செப்டம்பரில் எங்கள் அறைக்கு மூன்றாவதாக ஒரு மேசை வந்தது. நான் அப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணித முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன், மூன்றாம் ஆண்டு. மேசைக்கு உரியவர் மாணவர் இல்லை. ஐம்பதை நெருங்கிய வயது, மாஸ்கோவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். சோவியத் யூனியன் கலைந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மனைவியோடும் மகளோடும் வந்திருந்தார். துறை அவருக்குக் கொடுத்தது அந்த மேசையும் ஒரு நூலக அட்டையும்தான், சம்பளம் கிடையாது.

முதல் வாரத்திலேயே ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். ஒரு கல்லூரியின் பணியாளர் அலுவலகம் அனுப்பியது. முனைவர் பட்டத்தை முடித்த பிறகு விண்ணப்பியுங்கள் என்று இரண்டே வரி. "நான் எதை முடிக்கவில்லை?" என்று கேட்டார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

விஷயம் இதுதான். சோவியத் முறையில் ஆய்வேடு எழுதி வாங்கும் முதல் பட்டத்துக்குப் பெயர் 'கேண்டிடேட் ஆஃப் சயின்சஸ்'. நம் பிஎச்.டி.க்குச் சமம். அதற்கு மேலே 'டாக்டர் ஆஃப் சயின்சஸ்' என்று இன்னொன்று உண்டு. அது பல வருட ஆராய்ச்சிக்குப் பிறகு வாங்குவது, நிறையப் பேர் வாங்காமலே ஓய்வு பெறுவார்கள். அமெரிக்காவிலோ கேண்டிடேட் என்றால் இன்னும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காத மாணவர். இருபது வருடத்துக்கு முன்னால் வாங்கிய பட்டத்தை, இனிமேல்தான் வாங்கப்போகிறார் என்று படித்திருக்கிறார்கள். அன்று மாலையே உட்கார்ந்து இருவரும் அரைப் பக்கம் எழுதினோம்: இந்தப் பட்டம் என்ன, இதற்கு என்ன செய்ய வேண்டும், எதற்குச் சமம். அதன் பிறகு போன ஒவ்வொரு உறையிலும் அந்த அரைப் பக்கம் முதல் தாளாகப் போனது.

அப்புறம் பெயர். ரஷ்ய எழுத்திலிருந்து ஆங்கில எழுத்துக்கு மாற்றும்போது ஒவ்வொருவரும் ஒரு மாதிரி மாற்றுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு விதம், பிரெஞ்சில் ஒரு விதம், ஜெர்மனில் ஒரு விதம் எழுதுகிறார்கள். அவர் பெயரிலுள்ள பல்லுறுப்புக்கோவைகளுக்கு இன்றும் 'டி' (T) என்ற எழுத்துதான் குறியீடு, பழைய பிரெஞ்சு எழுத்துக்கூட்டலின் மிச்சம். அவ்வளவு பெரிய பெயருக்கே அப்படி என்றால் இவருக்கு எப்படி? மொழிபெயர்ப்பு இதழ்களில் மூன்று விதமாக அச்சாகியிருந்தது. தேடுகிற ஒருவருக்கு நான்கைந்து கட்டுரை எழுதிய மூன்று தனித்தனி ஆட்கள்தான் தெரிவார்கள். நூலகத்தில், கணிதக் கட்டுரைகளின் சுருக்கங்களை வெளியிடும் 'மேத்தமேட்டிக்கல் ரிவ்யூஸ்' இதழின் தொகுதிகளைப் புரட்டி, அவர் கட்டுரைகள் ஒவ்வொன்றுக்கும் வந்திருந்த ஆங்கிலச் சுருக்கத்தை நகலெடுத்து ஒன்றாகச் சேர்த்தோம். அந்த இதழை 1940இல் தொடங்கி நடத்திய ஓட்டோ நாய்கெபௌவரும் நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்தான். இதை நகல் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும்போது எங்கள் மாஸ்கோக்காரர்தான் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு அந்தத் தொகுதியின் அட்டையைக் கையால் ஒருமுறை தடவினார்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. பரிந்துரைக் கடிதம் அப்படியல்ல, அங்கேதான் நாங்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டோம்.

அவருக்குத் தெரிந்த பரிந்துரைக் கடிதம் அரைப் பக்கம்: இன்னார் இத்தனை கட்டுரை எழுதியிருக்கிறார், பொறுப்பானவர், பதவிக்குத் தகுதியானவர். அமெரிக்கத் தேர்வுக் குழு எதிர்பார்ப்பது வேறு. எந்தத் தேற்றம், அது ஏன் கடினம், யார் முயன்று முடியாமல் விட்டார்கள், இதே துறையில் இதே நிலையிலுள்ள இன்னின்னாரோடு வைத்துப் பார்த்தால் இவர் எங்கே நிற்கிறார் என்று இரண்டு மூன்று பக்கம் வேண்டும். அரைப் பக்கக் கடிதம் வந்தால், சொல்ல மனமில்லாமல் எழுதியதாக எடுத்துக்கொள்வார்கள். அவருடைய ஆசிரியர் இறந்துவிட்டார். பழைய சகா ஒருவர் நல்ல மனதோடு ஒரு கடிதம் அனுப்பினார், சரியாக அரைப் பக்கம். மூன்றாமவர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார், முகவரி கிடைக்கவே இரண்டு மாதம் ஆனது.

நேரமும் மோசம். சோவியத், கிழக்கு ஐரோப்பா, சீனா என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவிலேயே புதிதாகப் பட்டம் வாங்கியவர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். ஒரு காலியிடத்துக்கு நூற்றுக்கணக்கில் உறைகள் வந்தன. நாங்கள் எண்பது அனுப்பியிருந்தோம். வந்த பதில்கள் எல்லாம் அச்சடித்த ஒரே வாசகம்.

ஒருநாள் என் வழிகாட்டியிடம் அவர் கேட்டார்: "என்னைத் தெரியாத ஒருவர் என்னைப் பற்றி எழுத முடியுமா?"

"உங்களைத் தெரிய வேண்டாம். உங்கள் கட்டுரையைப் படித்தவர் எழுதலாம்" என்றார் வழிகாட்டி.

வேலை தேடும் யாருக்கும் இன்றுவரை நான் இதைத்தான் சொல்லி வருகிறேன். கணிதத்தில் ஒருவர் உங்களை நம்புவதற்கு நீங்கள் எந்த ஊர், யாரோடு பழகியவர் என்பது தேவையில்லை, நிரூபணத்தை வரிவரியாகச் சரிபார்த்தால் போதும். ஆனால் யாராவது உட்கார்ந்து அதைச் செய்ய வேண்டும். எண்பது குழுக்களில் ஒருவர்கூட அதைச் செய்யவில்லை, செய்ய நேரமும் அவர்களுக்கு இல்லை.

அதனால் பொதுவாக உறை அனுப்புவதை நிறுத்தினோம். அவருடைய வேலைக்குப் பக்கத்தில் வேலை செய்கிற பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொருவருடைய கட்டுரையையும் அவர் முழுதாகப் படித்தார், பிறகு அதைப் பற்றியே எழுதினார்: உங்கள் மூன்றாம் துணைத்தேற்றத்துக்கு இந்த நிபந்தனை தேவையில்லை, இதோ ஒரு பக்க நிரூபணம். வேலை பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வாக்கியம். பன்னிரண்டில் நான்கு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் வந்து உரையாற்ற முடியுமா என்று கேட்டார்.

உரை என்றதும் எனக்குக் கவலை வந்தது. எங்கள் துறையில் ஏற்கனவே ஒருமுறை பேசியிருந்தார். அவர் வளர்ந்த கருத்தரங்க மரபே வேறு. மாஸ்கோவில் கணிதவியலாளர் கெல்ஃபாண்ட் நடத்திய கருத்தரங்கம் திங்கள்கிழமை மாலையில் தொடங்கி இரவு வெகுநேரம் போகும், பேசுபவரை நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்பார்கள் என்று கதை கதையாகச் சொல்வார். எங்கள் துறையில் ஐம்பது நிமிடம். அவர் எடுத்துக்காட்டுகளில் தொடங்கி, யாராவது நிறுத்துவார்கள் என்று காத்திருந்தார். யாரும் நிறுத்தவில்லை. தேற்றத்துக்கு வருமுன்பே நேரம் முடிந்து, அடுத்த வகுப்புக்காகப் பாதிப் பேர் எழுந்து போனார்கள். சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆறு வாரம், ஒவ்வொரு வியாழன் மாலையும் ஒரு காலி வகுப்பறையில் ஒத்திகை பார்த்தோம். நான் கடைசி வரிசையில் கடிகாரத்தோடு உட்காருவேன். ஐந்தாவது நிமிடத்துக்குள் தேற்றம் பலகையில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் விதி. முதல் மூன்று வாரம் முடியவில்லை. நிபந்தனைகளைச் சொல்லாமல் தேற்றத்தை எழுதுவது அவருக்குப் பொய் சொல்வது போல இருந்தது. நான்காவது வாரம் ஓர் எளிய தனி நிலையை மட்டும் எழுதினார், அதற்கு நிபந்தனையே வேண்டாம். அதன் பிறகு எல்லாம் இடத்தில் உட்கார்ந்தது.

இரவுப் பேருந்தில் போய்ப் பேசிவிட்டு வந்தார். உரை முடிந்த பிறகு ஒரு பேராசிரியை அவரோடு மூன்று மணி நேரம் பலகை முன்னால் நின்றிருக்கிறார். அந்தப் பேராசிரியை எழுதிக் கொடுத்த கடிதம் மூன்று பக்கம் என்று பிறகு கேள்விப்பட்டோம். 1993இல் வேறொரு இடத்தில் ஓராண்டுப் பணி கிடைத்தது. பிறகு இன்னொரு இடத்தில் இரண்டாண்டு. 1996இல் கற்பித்தலுக்கான ஒரு சிறிய கல்லூரியில் நிரந்தர வேலை. விசா மாற்றங்கள் தனிக் கதை, அது இப்போது வேண்டாம்.

இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தேடி வந்தது ஆய்வுப் பணி. கிடைத்தது பருவத்துக்கு நான்கு வகுப்பு, ஆராய்ச்சி இரவில். இது புதிதும் இல்லை. ஜெர்மன் கணித மேதை ஹில்பர்ட் முன்வைத்த புகழ்பெற்ற கணக்குகளில் மூன்றாவதை 1900இலேயே தீர்த்த மாக்ஸ் டேன், 1940 இறுதியில் நார்வேயிலிருந்து கிளம்பி சைபீரியா, ஜப்பான் வழியாக அமெரிக்கா வந்தார், அறுபதைத் தாண்டிய வயதில். ஐடஹோ, சிகாகோ, அன்னபோலிஸ் என்று தற்காலிக வேலைகளுக்குப் பிறகு 1945இல் பிளாக் மவுண்டன் என்ற சின்னக் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணிதத்துக்கு அவர் ஒருவர்தான், 1952இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1933இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரிக்கு வந்த பெரும் இயற்கணிதவியலாளர் எம்மி நோதருக்கும், வெளியேறிய அறிஞர்களுக்கான உதவிக் குழுவும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் கொடுத்த குறுகிய கால நிதிதான். வருபவர்களுக்கு முதல் வருடத்துக்குக் கை கொடுக்க ஆள் உண்டு. மூன்றாம் வருடத்தில்தான் யாரும் இருப்பதில்லை.

2022 நவம்பரில் உக்ரைனிலிருந்து வந்த ஓர் இயற்கணிதவியலாளர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கணவரால் நாட்டை விட்டு வர முடியாது, மகனோடு வந்திருந்தார். அவசர நிதியில் ஓராண்டு இடம். இப்போது விண்ணப்பம் எல்லாம் இணையத்தில்தான், உறையும் நகலும் இல்லை. ஆனால் அவருக்குப் பரிந்துரை எழுதும் பேராசிரியர் கார்கிவில் இருந்தார். மின்சாரம் வரும்போது மட்டும்தான் கடிதத்தைப் பதிவேற்ற முடியும். கெடு தாண்டித்தான் வந்தது. அதுவரை கோப்பை மூடாதீர்கள் என்று நான்கு குழுக்களுக்குத் தனித்தனியாக எழுதினேன். மூன்று குழுக்கள் காத்திருந்தன.

அவருடைய பட்டமும் பழைய முறைப்படி வாங்கிய கேண்டிடேட்தான். ஓர் அலுவலகம் சான்றிதழைத் திருப்பி அனுப்பியிருந்தது. 1992இல் எழுதிய அரைப் பக்கம் என் கோப்பில் இன்னும் இருக்கிறது. நாட்டின் பெயரையும் வருடத்தையும் மட்டும் மாற்றி அன்றிரவே அனுப்பினேன். அன்று அதை என்னோடு எழுதியவருக்கும் தொலைபேசியில் சொன்னேன், ஓய்வு பெற்றுவிட்டார். "எந்தத் துறை?" என்றுதான் முதலில் கேட்டார். அடுத்த வியாழன் ஒத்திகையில் திரையின் மூலையில் அவரும் உட்கார்ந்திருந்தார், ஏழாவது நிமிடத்தில் கையைத் தூக்கி, "தேற்றம் எங்கே?" என்றார்.