தோட்டத்துக்கு சோலார் வரப்போகிறதாம், என்ன கேட்பது?

சிப்புட் மண்டோர் மகன்:
வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். செம்பனை (எண்ணெய்ப்பனை) முதிர்ந்துவிட்டது. மறுநடவு இல்லையாம், 200 ஏக்கரை சோலார் பண்ணைக்குக் குத்தகைக்கு விடப்போகிறார்களாம். போன வாரம் கோயிலடியில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர் என்று வைத்தால் 50 மெகாவாட் வரும். ஒப்பந்தம் 21 வருடம்.

சோலார் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கப்பல் கப்பலாக நிலக்கரி இறக்கிக் காப்பார் மின்நிலையத்தில் எரிப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் எங்கள் 18 லயத்து வீடுகள்? என் 12 மாடுகள் எங்கே மேயும்?

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. எங்கள் பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930இலேயே வந்துவிட்டது. கிந்தா ஈயச் சுரங்கங்களுக்கு அங்கிருந்துதான் மின்சாரம் போனது. ஆனால் நான் ஆறாம் வகுப்பு படித்த 1983இலும் எங்கள் லயத்துக்குத் தோட்டத்து இஞ்சின் மின்சாரம்தான். மாலை ஆறரைக்குக் கிளம்பும். பத்து மணிக்குச் சற்று முன் பல்பு ஒருமுறை மங்கி எழும்பும், அதுதான் எச்சரிக்கை. அம்மா அதற்குள் மண்ணெண்ணெய் விளக்கின் கருகிய திரியைக் கிள்ளி, கண்ணாடியைத் துடைத்து என் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிந்துலு வெல்டர்:
அண்ணே, நான் சரவாக்கில் ஆறு வருடம் வெல்டிங் வேலை செய்தேன், சமலாஜு தொழிற்பேட்டைப் பக்கம். அங்கே அலுமினிய ஆலைகள் இழுக்கிற மின்சாரத்தைப் பார்த்தால்தான் பக்குன் அணை எதற்கு என்று புரியும். 2,400 மெகாவாட், 2011இல் ஓட ஆரம்பித்தது. முதலில் கடலடிக் கேபிள் போட்டு அந்த மின்சாரத்தைத் தீபகற்ப மலேசியாவுக்குக் கொண்டுவருவதாகத் திட்டம். கேபிள் வரவே இல்லை. ஆனால் 1998, 99லேயே ஏறக்குறைய 10,000 பேரைச் சுங்கை அசாப்புக்குக் குடிபெயர்த்துவிட்டார்கள். குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் நிலம். யாருக்கு மின்சாரம் என்று முடிவாகும் முன்பே ஊர் காலியாகிவிட்டது, அண்ணே. என்னோடு வேலை செய்த, காயான் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த நண்பனின் அம்மா அசாப்பில் இருக்கிறார். முன்பு ஆற்றிலும் காட்டிலும் கிடைத்த மீனையும் கீரையையும் இப்போது காசு கொடுத்து வாங்குகிறார்.

சரவாக்கிலேயே பாராம் ஆற்று மக்கள், அங்கே வரவிருந்த இன்னொரு அணையை எதிர்த்து 2013 முதல் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். அணைக்கென்று எடுத்த நிலம் 2016இல் அவர்களிடமே திரும்பியது. உங்கள் தோட்டத்தில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை என்றால் நேரம் இருக்கிறது. ஞாயிறே கேளுங்கள்.

ஆலை லேப் அக்கா:
தம்பி, முதலில் வீட்டைப் பேசுங்கள். 1990ஆம் வருடச் சட்டப்படி தோட்ட நிர்வாகம் வீடு கொடுப்பது வேலை செய்கிறவர்களுக்கு. செம்பனை போனால் வேலை போகும், அப்புறம் எந்த உரிமையில் லயத்தில் இருப்பீர்கள்? சோலார் கட்டும்போது ஆள் நிறைய வேண்டும். முடிந்தபின் காவல், புல்வெட்டு, பேனல் கழுவுவது, அவ்வளவுதான். அந்த வேலையாவது லயத்துப் பிள்ளைகளுக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

மாடு பேனலில் உரசும், விடமாட்டார்கள். ஆடு என்றால் சில இடங்களில் விடுகிறார்கள். மேய்ச்சலுக்கு வேலிக்கு வெளியே பத்து ஏக்கராவது கேளுங்கள். உங்கள் தோட்டத்தில் செம்பனை எண்ணெய் ஆலை இருந்தால் கழிவுநீர்க் குளத்தைப் பற்றியும் கேளுங்கள். அதிலிருந்து எழும் மீத்தேனைப் பிடித்து நாங்கள் இங்கே ஜெனரேட்டர் ஓட்டுகிறோம். 2014 முதல் புது ஆலை கட்டினால் இந்த ஏற்பாடு இருந்தாக வேண்டும்.

சிப்புட் மண்டோர் மகன்:
அக்கா, வீட்டு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. மாட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆலை எப்போதோ மூடிவிட்டார்கள். இன்று இரவு 18 வீட்டுக்கும் போய்ப் பெயர் எழுதப்போகிறேன், யார் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று. பாட்டி ஒருவர் இருக்கிறார், 1951இல் இதே லயத்தில் பிறந்தவர். அவர் பெயர்தான் முதல்.