லிவர்பூலா, மான்செஸ்டரா, லீட்ஸா? வாடகைக்கு விட வீடு வாங்கலாமா?

சுங்கை சிப்புட் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் மரம் சீவியவர். அமைச்சராக இருந்த சம்பந்தன் ஐயா தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு போட்டவர். பிறகு சிறுகச் சேர்த்துக் கொஞ்சம் செம்பனை நிலமும் வாங்கினார். அதை இப்போது விற்று என் பங்கு கைக்கு வந்திருக்கிறது. ஈப்போவில் ஒரு ஹோட்டலில் இங்கிலாந்து வீடுகளை விற்கும் கண்காட்சி நடந்தது, போய்ப் பார்த்தேன். மான்செஸ்டர் அடுக்குமாடிக்கு 7 விழுக்காடு வாடகை நிச்சயமாம், லிவர்பூலுக்கு 8. இரண்டு கட்டடமும் இன்னும் எழும்பவில்லை. மகன் லீட்ஸில் வேலை செய்கிறான். 150,000 பவுண்டுக்குள் எந்த ஊர் நல்லது? அப்பாவின் உழைப்பு இது, பத்திரமாக இருக்க வேண்டும்.

எல்பில் தோட்டத்துக்காரன் (இப்போது லீட்ஸ்):
டீச்சர், ஊரைப் பிறகு பார்ப்போம், முதலில் கணக்கு. உங்களுக்குச் சொந்த வீடு இருக்கும், அது சுங்கை சிப்புட்டில் இருந்தாலும் இங்கே இரண்டாவது வீடாகத்தான் எண்ணுவார்கள். அதற்கு 5 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி. வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் இன்னும் 2. 150,000 பவுண்டு வீட்டுக்கு முத்திரை வரி மட்டும் 11,000 பவுண்டு. வக்கீல் செலவோடு 163,000 என்று வையுங்கள்.

மாதம் 850 வாடகை வந்தால் வருஷம் 10,200. ஏஜெண்ட் கூலி, பழுது, காப்புறுதி, ஆள் இல்லாத ஒரு மாதம் என்று 3,000 போய்விடும். மீதி 7,200, அதாவது 4.4 விழுக்காடு. வருமான வரி இன்னும் கழிக்கவில்லை! 2024க்கு நம் மலேசிய ஊழியர் சேமநிதி, அதாவது இபிஎஃப், கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. அதில் ஆண்டுக்கு 1 லட்சம் ரிங்கிட் வரை நீங்களாகவே போடலாம்.

'நிச்சய வாடகை' என்பதை நம்பாதீர்கள். அது முதல் ஒன்றிரண்டு வருஷத்துக்குத்தான், அந்தப் பணத்தையும் வீட்டு விலையிலேயே ஏற்றிவிடுவார்கள். எழும்பாத கட்டடத்துக்கு முன்பணம் கட்டவே கட்டாதீர்கள். லிவர்பூலில் பாதியில் நின்ற திட்டங்களில் ஆசியாவிலிருந்து பணம் போட்டவர்கள் நிறைய இழந்திருக்கிறார்கள். மான்செஸ்டர் விளம்பரத்தில் அதிவேக ரயில் வருகிறது என்று போட்டிருந்தால், பர்மிங்காமிலிருந்து மான்செஸ்டர் வரையிலான அந்தப் பாதையை அரசாங்கம் 2023 அக்டோபரிலேயே கைவிட்டுவிட்டது. மான்செஸ்டர் நடு ஊரில் வேலையும் உண்டு, வாடகைக்கு ஆளும் உண்டு. ஆனால் கட்டடப் பராமரிப்புக் கட்டணம் வாடகையைத் தின்னும், அதை ஏற்றுவதும் உங்கள் கையில் இல்லை.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நிலமும் சேர்ந்து சொந்தமாகும் வரிசை வீடு வாங்குங்கள். நம் தோட்டத்து லயம் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டி இருக்கும். லிவர்பூலில் ஆன்ஃபீல்டு, கென்சிங்டன் பக்கம் மலிவு, ஆனால் தெருவுக்குத் தெரு மாறும், வாடகைக்கு விட நகராட்சி உரிமமும் கேட்கும். ஈப்போவில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. லீட்ஸில் விலை கூட, வாடகை விழுக்காடு குறைவு. இருந்தாலும் நான் லீட்ஸைத்தான் சொல்வேன், மகன் அங்கே இருக்கிறான். குழாய் உடைந்தால் அன்றைக்கே போய்ப் பார்க்க ஆள் இருக்கிறது.

கிளாங் கணக்காளர்:
இரண்டு விஷயம், டீச்சர். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு வாடகையில் 20 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஏஜெண்ட் அனுப்புவார். முழுசாக வேண்டுமென்றால் பிரிட்டிஷ் வரி இலாகாவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். இன்னொன்று, மலேசியாவில் மரண சொத்து வரியை 1991ல் எடுத்துவிட்டார்கள், பிரிட்டனில் அது இன்னும் 40 விழுக்காடு. அங்கே உள்ள சொத்து 325,000 பவுண்டைத் தாண்டினால்தான். ஒரு வீட்டோடு நின்றால் கவலையில்லை.

சுங்கை சிப்புட் டீச்சர்:
மனசு தெளிந்தது, தம்பி. கண்காட்சிக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாதியை இபிஎஃபில் வருஷா வருஷம் போடுகிறேன். மீதிக்கு மகன் கிளாஸ்கோ பார்க்கலாம் என்கிறான். அங்கே வெளிநாட்டில் வசிப்பவருக்கான அந்த 2 விழுக்காடு இல்லையாமே?

எல்பில் தோட்டத்துக்காரன்:
உண்மைதான், ஆனால் ஸ்காட்லாந்தில் இரண்டாவது வீட்டு வரி 2024 டிசம்பரிலிருந்து 8 விழுக்காடு. 150,000க்கு மொத்தம் 12,100, இங்கிலாந்தைவிடக் கூட. நல்லது ஒன்று உண்டு: பழைய வீட்டை விற்பவரே ஆய்வு அறிக்கை எடுத்துத் தர வேண்டும், ஹோம் ரிப்போர்ட் என்பார்கள். மகனுக்கு ஏதாவது பிடித்தால் அதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கூரை, ஈரக்கசிவு பற்றிய பக்கங்களை முதலில் படித்துச் சொல்கிறேன்.