கிளிமஞ்சாரோ போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். வரும் பிப்ரவரியில் நானும் தம்பியும் கிளிமஞ்சாரோ ஏறப் போகிறோம், மச்சாமே பாதையில். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் மேலே விடமாட்டார்கள். ஆகவே யாரிடம் பதிவு செய்வது என்பதில்தான் குழப்பம்.

வெளிநாட்டு ஏஜென்சி மூலம் போகாமல், தான்சானியாவில் மலையடிவார ஊரான மோஷியிலேயே இருக்கும் சின்ன நிறுவனத்துக்கு நேராகப் பணம் கொடுக்க ஆசை. ஒருவர் மிகவும் மலிவாக விலை சொன்னார். பூங்காக் கட்டணம் போக மிச்சத்தைக் கணக்குப் போட்டால், சுமைதூக்குபவர்களுக்குக் கூலி எங்கிருந்து வரும் என்றே தெரியவில்லை. நாம் போர்வைக்குள் நடுங்கும்போது கூடாரம், அடுப்பு, அரிசி, முட்டை அட்டை எல்லாவற்றையும் தலையில் வைத்து நமக்கு முன்னால் போய்ச் சேருகிறவர்கள் அவர்கள். கூலி, சாப்பாடு, 20 கிலோ சுமை வரம்பு இதையெல்லாம் கண்காணிக்கும் கிளிமஞ்சாரோ சுமைதூக்குவோர் உதவித் திட்டத்தின் பட்டியலில் உள்ள நிறுவனத்தோடு போனவர்கள் இருக்கிறீர்களா?

டிப்ஸை ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுத்தீர்களா, தலைமை வழிகாட்டியிடம் மொத்தமாகவா? அப்புறம், இறங்கிய பிறகு மோஷிக்குப் பக்கத்திலுள்ள மட்டெருனி கிராமத்தில், அந்த மலைப்பகுதி மக்களான சக்கா இனக் குடும்பங்களின் காப்பித் தோட்டத்துக்கு நேராகவே போகலாமா, இடையில் ஆள் வேண்டுமா?